ஓட்டை விழுந்த ஈத்தையை வெட்டாதீர்கள்

களக்காடு–முண்டந்துறை மலையின் மேட்டுப் பகுதிகளில் ஓடைக்கரையெங்கும் நாணல் மூங்கில் புதர் புதராக நிற்கும். ஈத்தை என்பது இதைத்தான். கூடை முடையலாம், தட்டி கட்டலாம், யானைக்கும் தீவனம். பூச்சி அரித்து ஓட்டை விழுந்த கழி மட்டும் எதற்கும் ஆகாது என்று கழித்துவிடுவார்கள். வெட்டவே கூடாத கழி அதுதான். வெண்புள்ளிப் புதர்த்தவளை முட்டையிட்டுக் குஞ்சு காப்பது அந்த ஓட்டைக்குள்ளே.

சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள பச்சைத் தவளை இது. 1870-களில் திருவிதாங்கூர்ப் பக்கம் கிடைத்த மாதிரியை வைத்து ஆல்பர்ட் குந்தர் என்ற விலங்கியலாளர் இதை விவரித்தார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. மேல்கோதையாற்றுப் பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011-இல்தான் வெளியானது. இது ஈத்தைக்குள் இனம் பெருக்கும் விதத்தை விரிவாக ஆராய்ந்த கட்டுரைகள் அதற்குப் பின்னரே வந்தன. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களைக் குறிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனம் என்று இடம்பெற்றது.

தவளையால் மூங்கிலைத் துளைக்க முடியாது. வேறு உயிர்கள் குடைந்துவிட்டுப் போன துளையையே நம்பியிருக்கிறது. எந்தத் துளையும் போதும் என்றும் இல்லை. இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள குழலின் அடிப்பக்கத்தில், உடலை நெருக்கி நுழையும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். துளை மேலே இருந்தால் மழைநீர் உள்ளே நின்று முட்டை மூழ்கும். பெரிதாக இருந்தால் எதிரி நுழையும். ஆண் உள்ளே போய் அங்கிருந்தே கூப்பிடும். பெண் வந்து பத்துக்கும் குறைவான முட்டைகளைக் குழலின் உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடும். தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவரும். அதுவரை காவல் இருப்பது தகப்பன்தான். ஆணை அகற்றிப் பார்த்த ஆய்வில் முட்டைகள் பெருமளவில் அழிந்தன. தின்றவற்றில் அதே இனத்தின் வேறு ஆண்களும் இருந்தன. ஆகவே கழியைத் தட்டிப் பார்ப்பதும், துளைக்குள் குச்சி விடுவதும், விளக்கடித்துத் தகப்பனை வெளியே ஓட்டுவதும் முட்டைகளைக் கொல்வதற்குச் சமம். பார்க்கத்தானே செய்தோம் என்று நினைக்க வேண்டாம்.

புலிகள் காப்பகத்துக்குள்தானே இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். 1988 முதல் காப்பகமாக இருப்பதால் காடு பிழைத்திருக்கிறது. அதன் அருமையை மறுக்கவில்லை. ஆனால் புலிக்கான கணக்கு சதுர கிலோமீட்டரில். இந்தத் தவளைக்கான கணக்கு ஒரு முழ நீளக் குழலில். சாலையோரம் சீர்செய்கையில், மின்கம்பிப் பாதையைத் துப்புரவாக்குகையில், ஓடைக்கரைப் புதர் ஒன்றை ஒட்ட வெட்டினால் அந்த மழைக்காலத்துச் சந்ததி அத்தனையும் போய்விடும். இம்மலையின் பழங்குடியான காணி மக்கள் வீட்டுத் தேவைக்குப் பார்த்துப் பார்த்து எடுக்கும் சில கழிகளால் வரும் கேடு அல்ல இது. மொத்தமாக வெட்டுவதுதான் கேடு. மலைக்கு மேற்கே, கேரளத்தில், காகிதக் கூழுக்காக ஈத்தை பெருமளவு வெட்டப்பட்ட வரலாறு உண்டு.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாசி, பங்குனியில் வெட்டுங்கள். ஆனி தொடங்கி கார்த்திகை முடியும்வரை கத்தி வைக்காதீர்கள். ஒரு புதரில் முற்றிய, துளையில்லாத கழிகளை மட்டும் இடைவிட்டு எடுக்க வேண்டும். துளையுள்ள கழியை மட்டும் தனியே விட்டுச் சுற்றிலும் மொட்டையடித்தால் பயனில்லை. வெயில் நேரே விழுந்து குழல் காயும். ஈரம் போனால் முட்டை வற்றிவிடும். ஓடையின் இருகரையிலும் பத்து மீட்டராவது தொடாமல் விட வேண்டும் என்பது எங்கள் கருத்து. தவறி வெட்டிய கழியில் துளை தெரிந்தால் எறியவோ கொளுத்தவோ வேண்டாம். அடிப்பக்கம் கீழேயே இருக்கும்படி அதே புதரோடு நிமிர்த்திக் கட்டிவிடுங்கள். தலைகீழானால் துளை மேலே போய்த் தண்ணீர் தேங்கும்.

இந்தக் காட்டுக்கு நடுவிலுள்ள மாஞ்சோலைத் தேயிலை நிலத்தின் 99 ஆண்டு குத்தகை 2028-இல் முடிகிறது. அங்கே காட்டை மீட்பது பற்றிப் பேசும்போது எல்லோர் நினைவிலும் வருவது மரக்கன்று. ஓடை இறங்கும் பள்ளங்களில் ஈத்தையும் வர வேண்டும். வந்தாலும் இளங்கழி உடனே உதவாது. முற்றி, துளை விழுந்த பிறகே தவளை குடியேறும். அதனால் இப்போது நிற்கும் பழைய புதர்கள்தான் முதல் முதலீடு.

இன்னோர் ஆபத்து நம் காலணியில் வரலாம். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் உலகில் தவளை போன்ற நீர்நில வாழ்வனவற்றில் 501 இனங்கள் குறைந்துள்ளன, அவற்றில் 90 அழிந்துபோனதாகக் கருதப்படுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பதிவாகியிருக்கிறது. 17 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ச்சி அதற்கு உகந்தது. நம் மலை உச்சி அப்படித்தான். அதை ஒழிப்பது உலர்ச்சி. வேறு மலைக்குப் போய்வந்த பூட்ஸ், குடை, பை எதுவானாலும் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பாளையங்கோட்டை வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவைத்த பிறகே மலையேறுங்கள். ஈரக் காலணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்படியே கொண்டுபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொசு விரட்டி தடவிய கையால் தவளையைத் தொடவும் கூடாது. அதன் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆடி அமாவாசைக்கு இந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் இருட்டுவதற்கு முன் மலைச்சாலையைக் கடந்துவிடுவது நல்லது. மழையிரவில் சாலைக்கு வரும் தவளைகள் சக்கரத்தில் சாவது விழா நாட்களில் கூடுகிறது.

தவளையைப் பார்க்க நேர்ந்தால் தேதி, நேரம், எந்த ஓடை என்பதைக் குறித்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். படத்தை வலைத்தளத்தில் பகிர்வதானால் இடக்குறிப்பை முதலில் நீக்குங்கள். ஓடையின் பெயரும் வேண்டாம். இடம் தெரிந்தால் அடுத்த வாரமே பத்துக் கேமராக்கள் அதே புதரைச் சுற்றி நிற்கும்.