ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? கொஞ்சம் காது கொடுங்கள்

ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்றால், கேபினட் மூடியைக் கழற்றி, டிஸ்க்கின் மேல் விரலை வைத்துக்கொண்டு பவரைப் போடுவதுதான் என் முதல் வேலை. மெல்லிய அதிர்வு தெரிந்தால் உள்ளே தகவலைத் தாங்கும் வட்டத் தட்டு சுற்றுகிறது. பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

பவர் வந்த சில விநாடிகளில் டிஸ்க்குக்குள் நிறைய நடக்கிறது. அடியில் உள்ள சர்க்யூட் போர்டு மோட்டாரைக் கிளப்புகிறது. தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று என்ற வேகத்தைப் பிடித்ததும், ஒதுங்கியிருந்த ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) தட்டின் மேல் வருகிறது. தொடாது; சுழற்சி கிளப்பும் காற்றில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். (நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்.) அப்புறம், தட்டிலேயே நம் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்த இடத்திலிருந்து டிஸ்க் தன் ஃபர்ம்வேரின் (தன்னை இயக்கும் உள் மென்பொருளின்) மிச்சத்தைப் படித்துக்கொள்ளும். அதன் பிறகுதான், கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் ‘நீ யார்?’ என்று கேட்டால் மாடல், சீரியல் எண், கொள்ளளவு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லும்.

சத்தமே இல்லையா? பெரும்பாலும் டிஸ்க்குக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது போர்டு கெட்டுவிட்டது. 3.5 அங்குல டிஸ்க்கில் மோட்டாருக்கு மஞ்சள் வயரின் 12 வோல்ட் வேண்டும். வேறு பவர் கனெக்டரை மாட்டிப் பாருங்கள். அதே மாடல் போர்டை வாங்கி மாற்றினால் போதும் என்பார்கள், பெரும்பாலும் போதாது. அந்த டிஸ்க்கின் ஹெட்டுகளுக்கென்றே அளந்து எழுதிய கணக்குகள் பழைய போர்டின் ரோமில் (பவர் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில்) இருக்கின்றன. அதையும் புதிய போர்டுக்கு மாற்ற வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் பயாஸில் இல்லை என்றால் டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குத் தகவல் போகும் சாட்டா கேபிளையும், அதைச் செருகும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பயாஸில் இருந்து விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் அதிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறங்கள். டிரைவ் எழுத்து (D, E போன்றது) விடுபட்டிருந்தால் கொடுத்துவிடலாம். ‘இனிஷியலைஸ்’ செய்யவா, அதாவது புது டிஸ்க்கைப் போலத் தயார் செய்யவா என்று கேட்டால், உள்ளே வேண்டிய ஃபைல்கள் இருக்கும்வரை சரி என்று அழுத்தாதீர்கள்.

‘டிக்… டிக்… டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள். தட்டில் உள்ள வழிக்குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை. திரும்பி வந்து மறுபடி முயல்கிறது. ஹெட் உடைந்திருந்தால் ஒவ்வொரு முயற்சியும் தட்டைச் சுரண்டும். ஃபிரிட்ஜில் வைக்கும் வைத்தியமும் வேண்டாம், உள்ளே ஈரம் படியும்.

சத்தமெல்லாம் சரியாக இருந்தும் டிஸ்க் மாயமாவதுண்டு. சீகேட்டின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் பல அப்படித்தான் படுத்தன. 2009 ஜனவரியில் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. உள் பதிவேட்டின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது பவர் போட்டால் ஃபர்ம்வேர் உறைந்துவிடும். தட்டிலிருந்த தகவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்டின் ஓரத்துப் பின்களில் சீரியல் வயரை மாட்டி, சில கட்டளைகளைத் தட்டியே பலர் அவற்றை எழுப்பிவிட்டார்கள்.