ஓட்டல் பில்லில் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். மேற்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். தொழில் மந்தமாகி விலைவாசியும் ஏறிவிட்ட ஆண்டில், குடும்பங்கள் முதலில் குறைப்பது வெளியில் சாப்பிடுவதைத்தான். ஆனால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணை நிற்பவருக்கும், மனுவோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து மதியம் தாண்டியும் காத்திருப்பவருக்கும் ஓட்டல் சாப்பாடு ஆடம்பரம் அல்ல. அவர்கள் கையிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது என்பதற்காகவே இந்த விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு சாப்பாடு இவ்வளவு, ஒரு சாயா இவ்வளவு என்று ஓட்டல்களுக்கு விலை நிர்ணயிக்கும் சட்டம் இல்லை. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலை அதிகம் என்று தோன்றினால் வேறு கடைக்குப் போகலாமே தவிர, அதைப் புகாராக எழுத முடியாது. சட்டம் பேசுவது பில்லில் சாப்பாட்டுக் கணக்குக்குக் கீழே வரும் தொகைகளைப் பற்றித்தான்: ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம், இன்ன பிற.

ஜி.எஸ்.டி. எவ்வளவு, யார் வாங்கலாம்

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத ஓட்டலில் 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலில் 18 சதவீதம் என்று இருந்தது. 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் ஒரே 5 சதவீதம்தான். அதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு என்று 2.5 சதவீதமாக இரண்டு இடத்தில் பில்லில் வரும். ஏ.சி. அறையில் உட்கார்ந்ததற்காக வரி கூடும் என்று யாராவது இன்றைக்கும் சொன்னால் அது தவறு. (ஏ.சி. பகுதிக்குத் தனி விலைப்பட்டியல் வைத்திருப்பது வேறு. அதை உட்காருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.) இதற்கு விலக்கு, அறை வாடகை மிக உயர்ந்த தங்கும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்கள். முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விடப்பட்டிருந்தால், அந்த விடுதிக்குள் இருக்கும் உணவகம் 18 சதவீதம் வாங்கும்.

இந்த 5 சதவீதத்தை எல்லாக் கடையும் வாங்கிவிட முடியாது என்பதுதான் பலர் கவனிக்காத இடம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சாயாக்கடையோ சிறு ஓட்டலோ ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதே இல்லை; பதிவு இல்லாத கடை வரி என்று எதையும் வாங்கக் கூடாது. அதற்கு மேலே, ஆண்டு வரவு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உள்ள ஓட்டல்கள் காம்போசிஷன் திட்டம் என்னும் எளிய முறையில் சேரலாம். அதில் சேர்ந்தவர் மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தம் கையிலிருந்து அரசுக்குக் கட்டுவார். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. தாம் காம்போசிஷன் முறையில் வரி செலுத்துபவர் என்று கடையில் கண்ணில் படும்படி பலகை வைக்க வேண்டும். வரி வசூலிக்கத் தமக்கு உரிமை இல்லை என்று பில்லின் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். நம் மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் போன்ற ஊர்களின் நடுத்தர ஓட்டல்களில் சாப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வாசகத்தைத்தான்.

வாசகம் இல்லாமல், வரி மட்டும் போடப்பட்டிருந்தால் என்ன செய்வது? பில்லின் மேற்பகுதியில் 15 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் சாப்பிட்டால் பில் 32 என்று தொடங்கும். வரி விகிதம் அங்கும் இங்கும் ஒன்றே. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் இட்டால், கடையின் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும், வழக்கமான வகையா காம்போசிஷனா என்பதும் திரையில் வந்துவிடும். இதற்குக் கணக்கோ கடவுச்சொல்லோ வேண்டாம். கை கழுவிவிட்டு வருவதற்குள் செல்போனிலேயே பார்த்துவிடலாம். எண்ணே இல்லாத பில்லில் ஜி.எஸ்.டி. போடப்பட்டிருந்தால், அதைக் கொடுக்க மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பரோட்டா பற்றி ஒரு விளக்கம் அவசியம். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த வரி மாற்றத்தில் சப்பாத்தி, பரோட்டா ஆகியவற்றுக்கு வரி இல்லை என்று செய்தி வந்தது. அதைப் படித்த பலரும் ராத்திரி ஓட்டலில் இதைக் கேட்கிறார்கள். அந்த விலக்கு கடையில் பொருளாக வாங்கும் பரோட்டாவுக்கு உரியது. ஓட்டலில் கல்லில் போட்டு, சால்னா ஊற்றிப் பரிமாறப்படும் பரோட்டா சட்டத்தின் பார்வையில் உணவகச் சேவை. அதற்கு 5 சதவீதம் தொடர்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் ஓட்டல்காரரோடு சண்டை போடுவதில் நியாயம் இல்லை. அதே மாற்றத்தில் பேக்கரியில் விற்கும் கேக், பப்ஸ் போன்றவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பேக்கரி பில்லில் இன்னும் 18 இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஓட்டல்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 5 சதவீதம் வாங்கும் ஓட்டலுக்கு, தான் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி கிடையாது. வணிக சிலிண்டருக்கு அவர் கட்டும் 18 சதவீத வரி முழுவதும் அவர் செலவுதான். விலைப்பட்டியல் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நேர்மையாக நடத்தும் சிறு ஓட்டல்களை எல்லோரோடும் சேர்த்துக் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

செயலி வழியாக வாங்கினால்

ஸ்விக்கி, சொமேட்டோ வழியாக வாங்கும் சாப்பாட்டுக்கு 2022 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி.யைச் செயலி நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது. கடை பதிவு இல்லாத சிறு கடையானாலும் இது பொருந்தும். நேரில் போனால் வரியே இல்லாத அதே கடையின் புட்டும் கடலைக் கறியும் செயலியில் 5 சதவீதம் கூடி வரும். அதற்கு மேல் கொண்டுவரும் கட்டணம், தளக் கட்டணம், அவற்றுக்கான 18 சதவீத வரி எல்லாம் தனி. பணத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு, நடந்து போய்ப் பார்சல் வாங்குவதே தெளிவான ஆதாயம்.

சேவைக் கட்டணம்

இது வரி அல்ல. அரசுக்குப் போவதும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, எந்த ஓட்டலும் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரில் வாங்கவும் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமலும் பரிமாறாமலும் இருக்கக் கூடாது. அதைச் சாப்பாட்டுத் தொகையோடு கூட்டி, கூடிய தொகைக்கு ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று தள்ளுபடி செய்து, நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன.

கணக்காகப் பார்த்தால் இதன் கனம் புரியும். நான்கு பேர் சாப்பிட்டு 640 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வரி 32 ரூபாய். கொடுக்க வேண்டியது 672. இதிலேயே 10 சதவீதச் சேவைக் கட்டணம் 64 ரூபாயைக் கூட்டி, 704 ரூபாய்க்கு வரி போட்டால் 739 ரூபாய் 20 காசு. கடை காம்போசிஷன் வகையாக இருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது வெறும் 640. ஒரே சாப்பாட்டுக்கு ஏறத்தாழ நூறு ரூபாய் வித்தியாசம் வருகிறது. குமரியில் அன்றாடக் கூலிக்குப் போகிற எந்த வீட்டிலும் அது சின்னத் தொகை அல்ல. பரிமாறியவருக்கு மனமுவந்து கொடுக்கும் பணம் இதில் சேராது. அது உங்கள் விருப்பம், அவர் கையிலேயே கொடுக்கலாம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் நடைமுறை சற்றுச் சிக்கலானது. அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரியும் உள்ளடங்கிய விலை. பெட்டிக்கடையிலோ பேக்கரி கவுன்டரிலோ அதற்கு மேல் வாங்குவது குற்றம். ஆனால் ஓட்டலில் மேசையில் உட்கார்ந்து வாங்கும் பாட்டிலுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. குமரி முனையில் கூட்ட நாளில் சாப்பிடப் போகிறவர் சொந்தப் பாட்டிலோடு போவது நல்லது.

பில் தர மறுத்தால், புகார் செய்ய வேண்டுமென்றால்

பதிவு பெற்ற கடை 200 ரூபாய்க்குக் குறைவான தொகைக்குத் தானாக பில் தர வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் தந்தாக வேண்டும். பில் தராமலிருப்பதை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே கருதுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிமம் அல்லது பதிவு எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம்.

தவறான தொகை இருந்தால் முதலில் கல்லாவில் அமைதியாகச் சொல்லி, அதை நீக்கி பில் மாற்றித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் பணத்தைக் கட்டி, பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பதிவில்லாமல் அல்லது காம்போசிஷனில் இருந்துகொண்டு வரி வாங்கிய கடையைப் பற்றி வணிகவரி அலுவலகத்தில் பில் நகலோடு எழுதிக் கொடுக்கலாம். வரி என்ற பெயரில் வாங்கிய எந்தத் தொகையையும் அரசிடம் கட்டியாக வேண்டும் என்பது சட்டம்.

அதற்கும் பலன் இல்லாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டத்தின்படி, கடை எங்கே இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஆகவே சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போன குழித்துறைக்காரர், அங்கே ஓர் உணவகத்தில் நடந்த தவறுக்கு நாகர்கோவிலிலேயே மனு கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே அனுப்பவும் வசதி உண்டு. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஓட்டல் பில்கள் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். பணம் கட்டிய உடனேயே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.