கன்ட்ரோலர் ஃபீல்டுல கஸ்டமர் விவரத்த வைக்காதீங்க, தயவு செஞ்சு

மதுரையில சித்திரைத் திருவிழா நேரம், டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி பக்கம் எந்த லாட்ஜுலயும் ரூம் கெடைக்காது. அந்த நெருக்கடியில ஒரு லாட்ஜோட ஆன்லைன் புக்கிங்ல தேனிக்காரர் ஒருத்தர் ரூம் போட்டுருக்காரு. கன்ஃபர்மேஷன் பேஜ்ல வந்தது அவரு பேரு இல்ல, திருநெல்வேலிக்காரர் ஒருத்தரோட பேரு, போன் நம்பர், முழு ஆதார் நம்பர், கூட தங்குற பொம்பளப் புள்ளைகளோட பேரு வயசு எல்லாம். லாட்ஜ் ஓனர் யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு பதறிப்போய் போன் பண்ணாரு. கோட திறந்து பாத்தா ஹேக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. கன்ட்ரோலர்னா பிரவுசர்ல இருந்து வர்ற ரிக்வெஸ்ட்ட வாங்கி வேல செய்யுற ஜாவா கிளாஸ். அதுக்குள்ள, மெத்தடுக்கெல்லாம் (ஒவ்வொரு வேலைக்கும் எழுதுற ஃபங்ஷனுக்கெல்லாம்) வெளிய, பிரைவேட்டுன்னு போட்டு புக்கிங் ஃபார்ம வைக்க ஒரு ஃபீல்டு, அதாவது கிளாஸுக்கே பொதுவான ஒரு வேரியபிள். அவ்வளவுதான் விஷயம்.

இதே கதையத்தான் ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்லயும் பாத்தேன், கல்யாண மண்டப புக்கிங்லயும் பாத்தேன், காலேஜ் ஃபீஸ் கட்டுற சைட்லயும் பாத்தேன். எழுதுனவங்க வேற வேற ஆளுங்க, தப்பு ஒரே தப்பு. இனிமேலும் ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிக்கிட்டு இருக்க முடியாதுன்னுதான் இத எழுதுறேன்.

இது எப்படி வருதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஃபார்ம் சப்மிட் ஆகி, அத வாங்குற போஸ்ட் மெத்தடுக்கு வருது, அங்க மாடல்ல (பேஜ்ல காட்ட வேண்டியதப் போட்டு அனுப்புற பை மாதிரி) எல்லாத்தையும் போட்டு, ரீஃப்ரெஷ் பண்ணா ரெண்டாவது தடவ புக் ஆகக் கூடாதுன்னு கன்ஃபர்ம் பேஜுக்கு ரீடைரக்ட் பண்றாங்க. அது வரைக்கும் சரி, அப்படித்தான் பண்ணணும். ஆனா ரீடைரக்ட்டுன்னா பிரவுசர் புதுசா இன்னொரு ரிக்வெஸ்ட் அனுப்பும், பழைய ரிக்வெஸ்ட்டோட மாடலும் அதோட போயிரும். கன்ஃபர்ம் பேஜக் காட்டுற கெட் மெத்தடுல பாத்தா மாடல் காலியா இருக்கு. கோடு எழுதுற தம்பிக்கு பதட்டம், நாளைக்கு டெமோ. ரெண்டு மெத்தடும் ஒரே கிளாஸுலதான இருக்கு, ஃபீல்டுல வெச்சுட்டா ரெண்டுக்கும் கெடைக்குமேன்னு வெச்சுர்றாங்க. ஓடிருது. டெமோவும் முடிஞ்சுருது.

காலேஜ் லேப்ல எழுதுற ஜாவா புரோகிராமுக்கு இது சரிதான். அங்க ஆப்ஜெக்ட்ட நீங்களே உருவாக்குறீங்க, ஓட்டுறதும் நீங்க ஒருத்தர்தான். வெப் அப்ளிகேஷன்ல கன்ட்ரோலர் ஆப்ஜெக்ட்ட உருவாக்குறது ஸ்பிரிங்ங்கிற ஜாவா ஃபிரேம்வொர்க். எத்தன உருவாக்குதுன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு "ஒவ்வொரு யூசருக்கும் ஒண்ணுண்ணே"ங்கிறாங்க, மீதிப் பேரு "ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒண்ணு"ங்கிறாங்க. இல்லவே இல்ல. நீங்க வேற ஸ்கோப் (ஆப்ஜெக்ட் எத்தன, எவ்வளவு நேரம் இருக்கணுங்கிற செட்டிங்) எதுவும் சொல்லலன்னா ஒண்ணே ஒண்ணுதான். அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவ உருவாக்குது, அடுத்து நீங்க ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் வர்ற அத்தன பேருக்கும் அதே ஆப்ஜெக்ட்தான். சிங்கிள்டன்னு இன்டர்வியூல மனப்பாடமா ஒப்பிக்கிறீங்களே, அது இதுதான். ஸ்பிரிங்ல மட்டும் இப்படின்னும் நெனைக்காதீங்க, அதுக்கு முன்னாடி ரிக்வெஸ்ட்ட வாங்க வெறும் சர்வ்லெட் கிளாஸ் எழுதுன காலத்துலயே ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட்தான்.

அப்ளிகேஷன் ஓடுற டாம்கேட் சர்வர்ல நீங்க எதையும் மாத்தலன்னா 200 திரெட் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் எடுத்துச் செய்யுற வேலையாள் மாதிரி) வரைக்கும் ஒரே நேரத்துல ஓடும். அந்த 200 திரெடும் அந்த ஒரே கன்ட்ரோலர் ஆப்ஜெக்ட்டுக்குள்ளதான் போய்ட்டு வருது. மெத்தடுக்குள்ள நீங்க டிக்ளேர் பண்ற வேரியபிள் அந்தந்த திரெடுக்குத் தனி, அதுல பிரச்சன இல்ல. மெத்தடுக்கு வெளிய இருக்குற ஃபீல்டு எல்லாருக்கும் பொது. லாட்ஜ் ரிசப்ஷன்ல ஒரே ஒரு சிலேட்ட வெச்சுக்கிட்டு, வர்றவங்க பேரெல்லாம் அதுலயே அழிச்சு அழிச்சு எழுதி, யாராவது வந்து சாவி கேட்டா சிலேட்டுல என்ன பேரு இருக்கோ அதப் பாத்து சாவி குடுக்குற மாதிரி.

"செஷன் ஆளுக்கு ஆளு தனித்தனிதானண்ணே"ன்னு உடனே கேப்பாங்க. செஷன்னா ஒவ்வொரு யூசருக்கும் சர்வர் ஒதுக்கி வெக்கிற இடம், அது தனிதான், யாரு இல்லேன்னா? நீங்க வெச்சது செஷன்லயே இல்லயே. லாகின் தனி, போன் தனி, ஊரு தனி, எல்லாம் தனியாவே இருக்கட்டும், ஃபீல்டு ஒண்ணுதான்.

அன்னைக்கு நடந்தது இதுதான். 10 மணி 42 நிமிஷம் 7 செகண்டுல தேனிக்காரர் சப்மிட் பண்றாரு, ஃபீல்டுல அவரு விவரம் ஏறுது, ரீடைரக்ட் போகுது. அவரு இருந்தது பஸ்ஸுல, சிக்னல் இழுக்குது, பிரவுசர் அடுத்த ரிக்வெஸ்ட்ட அனுப்ப ரெண்டு செகண்டு ஆகுது. நடுவுல 8ஆவது செகண்டுல திருநெல்வேலிக்காரர் சப்மிட் பண்றாரு, ஃபீல்டுல இருந்த தேனிக்காரர் அழிஞ்சு இவரு விவரம் ஏறுது. 9ஆவது செகண்டுல தேனிக்காரரோட கன்ஃபர்ம் ரிக்வெஸ்ட் வந்து ஃபீல்ட படிக்குது, யாரு விவரம் வரும்? எரர் வராது, எக்ஸெப்ஷன் வராது, லாக்லயும் ஒண்ணும் தெரியாது. சர்வரப் பொறுத்த வரைக்கும் எல்லாம் ஒழுங்கா முடிஞ்ச ரிக்வெஸ்ட்தான். டேட்டாபேஸ்ல ரெண்டு புக்கிங்கும் சரியாத்தான் இருந்துச்சு, தப்பு ஸ்கிரீன்ல மட்டும்தான், அதான் யாராலயும் கண்டுபிடிக்க முடியல.

"எங்க மெஷின்ல வரவே இல்லயே"ன்னு சொல்றவங்களுக்கு, எப்படி வரும்? டெஸ்ட் பண்றது நீங்க ஒரு ஆளு. ஃபீல்டுல எப்பவும் உங்க விவரம்தான் இருக்கும். குரோம்ல ஒண்ணு, ஃபயர்ஃபாக்ஸ்ல ஒண்ணு திறங்க, போஸ்ட்டுக்கும் கெட்டுக்கும் நடுவுல பிரேக்பாயின்ட் வெச்சு ஒண்ண நிறுத்திட்டு இன்னொண்ண முழுசா ஓட விடுங்க. அஞ்சே நிமிஷத்துல கண்ணு முன்னாடி தெரிஞ்சுரும். டெலிவரிக்கு முன்னாடி ஜேமீட்டர்ங்கிற லோடு டெஸ்ட் டூல்ல பத்து யூசர் வேற வேற பேரோட அடிச்சுப் பாக்குறதுக்கு எந்த மேனேஜரும் தடை சொல்ல மாட்டாரு.

இதுக்கு மருந்துன்னு சில பேரு மெத்தடுக்கு சிங்க்ரனைஸ்டு போடுறாங்க. அது ஒரு மெத்தடுக்குள்ள ஒரே நேரத்துல ரெண்டு பேரு போகாமத் தடுக்கும், ஆனா இங்க ஓட்டை இருக்கிறது ரெண்டு ரிக்வெஸ்ட்டுக்கு நடுவுல. சைட்டு மெதுவாகும், பிரச்சன அப்படியே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட் குடுக்குற புரோட்டோடைப் ஸ்கோப் போட்டா அடுத்தவரு விவரம் வராது, ஆனா ரீடைரக்டுக்கு அப்புறம் உங்க விவரமும் இருக்காது. ஃபீல்ட ஸ்டாட்டிக்கா மாத்துனவங்களையும் பாத்துருக்கேன், அப்பவும் எல்லாருக்கும் ஒண்ணுதான், தயவு செஞ்சு அதப் பண்ணாதீங்க. அப்புறம் கன்ட்ரோலர்ல வேணாம்னு சொன்னா சர்வீஸ் கிளாஸுக்குக் கொண்டு போய் வைக்கிறாங்க. அதுவும் சிங்கிள்டன்தான் சாமி.

அப்ப எப்படித்தான் அனுப்புறது? அதே ரிக்வெஸ்ட்டுல வியூவுக்கு (ஸ்கிரீன்ல தெரியுற பேஜுக்கு) போகணும்னா மாடல், அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ரீடைரக்ட் தாண்டிப் போகணும்னா முதல்ல யோசிக்க வேண்டியது, விவரத்தத் தூக்கிட்டுப் போகணுமாங்கிறதுதான். டேட்டாபேஸ்ல சேவ் பண்ணிட்டீங்கள்ல, புக்கிங் நம்பர மட்டும் யூஆர்எல்ல அனுப்பி அங்க போய் மறுபடி எடுத்துக்கங்க. ஆனா எடுக்கும்போது இந்த புக்கிங் இந்த யூசரோடதுதானான்னு கட்டாயம் செக் பண்ணுங்க. இல்லன்னா 1051ன்னு இருக்கிறத 1052ன்னு மாத்தி அடிச்சா அடுத்தவங்க ஆதாரு மறுபடியும் வெளிய வந்துரும், இந்தத் தடவ வேணும்னே எடுப்பாங்க. லாகின் இல்லாத சைட்டுன்னா வரிசை நம்பர் வேணாம், யூகிக்க முடியாத நீளமான ரேண்டம் ஐடி குடுங்க.

"புக்கிங் ஆயிருச்சு" மாதிரி ஒரு தடவ காட்டுற மெசேஜுக்குத்தான் ஃப்ளாஷ் அட்ரிபியூட். ஸ்பிரிங் 3.1லயே, 2011ல வந்துருச்சு, இன்னமும் அது இருக்கிறது தெரியாமயே எழுதிக்கிட்டு இருக்காங்க. அது செஷன்ல ஒதுங்கி நின்னு, அடுத்த ரிக்வெஸ்ட்டோட மாடல்ல ஏறிட்டு, தானா அழிஞ்சுரும். யாரும் வந்து எடுக்கலன்னா 180 செகண்டுல காலாவதி. அதனால கன்ஃபர்ம் பேஜ ரீஃப்ரெஷ் பண்ணா ஃப்ளாஷ் இருக்காது, அப்ப வியூ உடையாம எழுதுங்க. இங்க ஒரு கண்ணி இருக்கு. ரீடைரக்ட் அட்ரிபியூட்ஸ்ல ஆட்ஃப்ளாஷ்அட்ரிபியூட்னு ஒண்ணு, வெறும் ஆட்அட்ரிபியூட்னு ஒண்ணு. ரெண்டாவதப் போட்டா அந்த மதிப்பு யூஆர்எல்ல போய் ஒட்டிக்கும். போன் நம்பரு, ஆதாரு எல்லாம் பிரவுசர் ஹிஸ்டரியிலயும் சர்வரோட ஆக்சஸ் லாக்லயும் நிரந்தரமா உக்காந்துரும். ஒரே ஒரு மெத்தட் பேருதான் வித்தியாசம், பாத்து டைப் பண்ணுங்க.

ஃபீல்டு வேணாம்னு சொன்னதும் எல்லாத்தையும் செஷன்ல கொட்டுறதும் வேணாம். செஷன் யூசருக்குத் தனின்னாலும் டேபுக்குத் தனி கெடையாது. ஒரே ஆளு ரெண்டு டேப்ல ஏசி ரூமையும் நான் ஏசி ரூமையும் திறந்து வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறாரு, கடைசியா திறந்தது எதுவோ அதுதான் செஷன்ல இருக்கும், முதல் டேப்ல பே பண்ணா காசு வேற ரூமுக்குப் போகும். மூணு நாலு ஸ்டெப் இருக்குற ஃபார்முக்கு செஷன் அட்ரிபியூட்ஸ் அனோடேஷன் போடுங்க, தப்பில்ல, ஆனா கடைசி ஸ்டெப்ல, வெச்சத அழிக்கிற செட்கம்ப்ளீட் மெத்தட கூப்பிட மறக்காதீங்க. மறந்தா பழைய புக்கிங்கோட மிச்சம் அடுத்த புக்கிங்ல வந்து ஒட்டும்.

வியூல இருந்து கன்ட்ரோலருக்கு வர்றதுலயும் ஒண்ணு சொல்லிர்றேன். பேஜ்ல கண்ணுக்குத் தெரியாத ஹிட்டன் ஃபீல்டுன்னா (இது ஃபார்ம்ல இருக்குற ஃபீல்டு) யாருக்கும் தெரியாதுன்னு ரூம் வாடகைய அதுல வெச்சு அனுப்பி, திரும்பி வர்றத அப்படியே பேமென்ட்டுக்கு அனுப்புறாங்க. ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போட்டு 2400ஐ 24ஆ மாத்துறதுக்கு பிளஸ் டூ படிக்கிற பையனுக்கே தெரியும். வாடகைய எப்பவும் சர்வர்லயே மறுபடி கணக்குப் போடுங்க. அதே மாதிரி டேட்டாபேஸ் டேபிளுக்குன்னு இருக்குற என்டிட்டி கிளாஸ நேரா ஃபார்முக்கு பைன்ட் பண்ணாதீங்க, அதாவது ஃபார்ம்ல வர்றத ஸ்பிரிங் நேரா அதுல நிரப்புற மாதிரி வைக்காதீங்க. ஃபார்ம்ல இல்லாத ஃபீல்டையும் வெளிய இருந்து பேரு போட்டு அனுப்பலாம், ஸ்பிரிங் பாட்டுக்கு செட்டர கூப்பிட்டு நிரப்பிரும், பெய்டுங்கிறதுக்கு ட்ரூன்னு அனுப்புனா ட்ரூ ஆயிரும். 2012ல புரோகிராமர்கள் கோடு வைக்கிற கிட்ஹப் சைட்லயே, ரெயில்ஸ்ங்கிற வேற ஃபிரேம்வொர்க்ல இதே வகை ஓட்டை வந்துச்சு. 2022 மார்ச்ல ஸ்பிரிங்4ஷெல்னு ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு ஊரே அலறுச்சே, அதுவும் இந்த பைன்டிங் வழியா உள்ள வந்ததுதான், ஸ்பிரிங் 5.3.18லயும் 5.2.20லயும் அடைச்சாங்க. இன்னும் அதுக்கு முந்துன வெர்ஷன்ல ஓடுற சைட்டு உங்க கையில இருந்தா இன்னைக்கே ஏத்துங்க. ஃபார்முக்குன்னு தனியா ஒரு சின்ன கிளாஸ், அதுல ஃபார்ம்ல இருக்குற ஃபீல்டு மட்டும், அது போதும்.

இப்ப ஓடிக்கிட்டு இருக்குற புராஜெக்ட்ட திறந்து ஒவ்வொரு கன்ட்ரோலர், சர்வீஸ் கிளாஸா பாருங்க. ஆப்ஜெக்ட் உருவாகும்போதே கன்ஸ்ட்ரக்டர்ல வந்து, ஃபைனலா மாறாம நிக்கிற சர்வீஸ், ரெபாசிட்டரி (டேட்டாபேஸ்ல எடுக்குற, வைக்கிற கிளாஸ்) ரெஃபரன்ஸ் எல்லாம் இருக்கட்டும். மெத்தடுக்குள்ள மதிப்பு மாத்துற ஃபீல்டு எது இருந்தாலும் அதுதான் சந்தேகம். புதுசா வர்ற பசங்களோட கோட ரிவ்யூ பண்றவங்க முதல்ல இத ஒண்ணப் பாருங்க, பேரு வெக்கிறது ஸ்பேஸ் விடுறதெல்லாம் அப்புறம் திட்டிக்கலாம்.

கண்டுபிடிச்சா சத்தமில்லாம திருத்திட்டு கமிட் மெசேஜ்ல மைனர் ஃபிக்ஸ்னு எழுதி மறைக்காதீங்க, இத நான் கெஞ்சியே கேக்குறேன். வெளிய போனது இன்னொரு குடும்பத்தோட போன் நம்பர், எந்த ரூம்ல எந்தத் தேதியில இருப்பாங்கங்கிற விவரம். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிக் கசிஞ்சா பாதிக்கப்பட்டவங்களுக்கும் தெரிவிக்கணும்னு சொல்லுது, பாதுகாப்பு ஏற்பாட்டுல கோட்டை விட்டா 250 கோடி ரூபா வரைக்கும் அபராதம்னும் சொல்லுது, அது எழுதிக் குடுத்த தம்பிக்கு இல்ல, அந்த விவரத்த வாங்கி வெச்சுருக்குற ஓனருக்குப் போற நோட்டீஸ். அதனால முதல்ல ஓனருக்குச் சொல்லுங்க, எந்தத் தேதியில இருந்து அந்தக் கோடு லைவ்ல இருக்குன்னு, கோடு மாத்துன வரலாறு இருக்குற கிட்ல பாத்து எழுதிக் குடுங்க, அந்த நாள்ல புக் பண்ணவங்க லிஸ்ட்ட எடுத்து அவரு கையில குடுங்க.