ஹார்டுவேர் வாலட்: பையா, பொறியா?

"இதுல காசை எந்தப் பக்கமாடா போடுவே?"

பெங்களூர் அல்சூரில் எங்கள் அத்தை கேட்டது. பிட்காயின் என்ற இணையப் பணத்துக்காக மகன் வரவழைத்த ஹார்டுவேர் வாலட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத் திரை, இரண்டு பொத்தான், அவ்வளவுதான். ஜிப்பும் இல்லை, மடிப்பும் இல்லை. பெயரை நம்பினால் அத்தை கேட்டதில் தப்பே இல்லை.

14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வாலட் என்றால் யாத்திரை போகிறவர் தோளில் மாட்டிய பை. நம் ஜோல்னாப் பை மாதிரி. பணத்தாள் வைக்கும் மடிப்புப் பை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வந்து ஒட்டிக்கொண்டது. 2009இல் வெளிவந்த முதல் பிட்காயின் மென்பொருள், சாவிகளை, அதாவது காசைச் செலவழிக்கத் தேவையான ரகசிய எண்களைச் சேமித்த கோப்புக்கு வாலட் என்று பெயர் வைத்தது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. ஹார்டுவேர் என்ற சொல்லும் கணினிக்கு முன்னால் இரும்புச் சாமானைத்தான் குறித்தது. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஹார்டுவேர் கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைக்கும் வழி சொல்வார்கள்.

சரி, காசு எங்கே இருக்கிறது? கருவிக்குள் இல்லை. பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் நகல் நகலாக இருக்கும் ஒரு பேரேட்டின் பதிவு. கருவிக்குள் இருப்பது ரகசியச் சாவி மட்டும். பணம் அனுப்பும்போது கணினி ஓலையை எழுதி நீட்டுகிறது. கருவி உள்ளேயே கையொப்பம் போட்டு, ஒப்பத்தை மட்டும் வெளியே தருகிறது. சாவி வெளியே வருவதில்லை. கணினியில் வைரஸ் இருந்தாலும் அதால் சாவியைத் திருட முடியாது. ஆனால் பெறுநரின் முகவரியை மாற்றிக் காட்டலாம். கருவியில் தனித் திரை இருப்பது அதற்காகத்தான். முகவரியையும் தொகையையும் அந்தத் திரையில் படித்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஆகவே 'பணப்பை', 'வன்பொருள் பணப்பை' என்ற மொழிபெயர்ப்புகள் ஆங்கிலத்தின் பிழையை நமக்கும் வாங்கித் தருகின்றன. தயாரிப்பாளர்களும் ஒன்றும் மேலில்லை. 2014இல் பிராக் நகரிலிருந்து வந்த கருவியின் பெயர் டிரெசர். செக் மொழியில் பணப்பெட்டகம் என்று பொருள். மூலம் கிரேக்கத்தின் களஞ்சியச் சொல். நிகண்டைக் குறிக்கும் தெசாரஸும் அதே வேர்தான். பிரான்சின் லெட்ஜரோ இன்னும் வேடிக்கை: லெட்ஜர் என்றால் பேரேடு. காசு இருக்கும் இடத்தின் பெயரைக் காசே இல்லாத கருவிக்குச் சூட்டிவிட்டார்கள்.

'சாவி' என்று சொல்லலாமே என்பீர்கள். அது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல், தமிழில் திறவுகோல். ஆனால் இது எதையும் திறப்பதில்லையே, ஒப்பமிடுகிறது. முத்திரை, இலச்சினை இரண்டும் வடமொழி வழி வந்தவை. எனக்குப் பிடித்தது 'பொறி'. சோழர் செப்பேட்டு வளையங்களில் புலி, இரட்டைக் கயல், வில் பதித்த முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். புலிப்பொறி, கயற்பொறி என்பதில் வரும் பொறி அதுதான். பொறியியலில் வரும் பொறி இயந்திரம். முத்திரையும் இயந்திரமும் ஒரே சொல்லில் இருக்கும்போது பையைத் தேடுவானேன்? 'ஒப்பப்பொறி' என்பது என் பரிந்துரை. கடையில் வாலட் என்றுதான் கேட்கப்போகிறீர்கள், தெரியும்.

இன்னொரு சொல், சீடு, அதாவது விதை. இதில் ஆங்கிலம் நன்றாகவே யோசித்திருக்கிறது. முதல்முறை இயக்கும்போது கருவி பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை. 2013இல் வகுத்த முறை. ஜப்பானியம், கொரியம், செக் பட்டியல்கள்கூட உண்டு, தமிழ்ப் பட்டியல் அதில் இல்லை. அந்தச் சொற்களிலிருந்துதான் எல்லாச் சாவிகளும் முளைக்கின்றன. அதனால் 'வித்துச்சொல்' பொருந்தும். அத்தைக்கு விதைநெல் என்று சொன்னேன். உடனே புரிந்தது: பசித்தாலும் எடுத்துப் பொங்கக் கூடாது, எலிக்கும் தெரியக் கூடாது.

அவர் மகனுக்குத்தான் புரியவில்லை. 24 சொற்களையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். போனோ படங்களைத் தானாகவே இணையத்தில் ஏற்றிவிடும். அந்த வித்து போச்சு. கருவியை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்தோம். புதுச் சொற்கள், காகிதத்தில் பேனாவால். பெட்டியிலேயே சொற்கள் அச்சிட்டு வந்திருந்தால் அந்தக் கருவியைத் தொடவே கூடாது. அனுப்பியவன் நகல் வைத்திருப்பான். கருவிக்குப் பூட்டாக PIN எண் வைத்தோம். லெட்ஜரில் அதை 3 முறை தப்பாகப் போட்டால் எல்லாம் அழியும், டிரெசரில் இன்னும் சில முறை வாய்ப்பு உண்டு. அப்புறம் வேண்டுமென்றே கருவியை அழித்து, காகிதத்தைப் பார்த்துச் சொற்களை உள்ளிட்டு மீட்டோம். அதே முகவரி வந்தது. அதன் பிறகுதான் சின்னத் தொகை அனுப்பினோம்.

"இந்தப் பொட்டி உடைஞ்சா?" என்றார் அத்தை.

"வேற ஒண்ணு வாங்கி இதே சொல்லைப் போடலாம்."

"அப்ப காயிதம்தானடா சொத்து!"

காகிதத்தை வாங்கி பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.