ஸ்பிரேக்குப் பயம், ஊசிக்குப் பயமில்லை

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் பாமசியில் மூன்று சாமான் ஓடி ஓடி விற்கும்: சின்ன மஞ்சள் பிரிட்டோன் குளிசை, மூக்கை உடனே திறக்கும் சொட்டு மருந்து, தைலம். சென்ற கிழமை இந்த மூன்றையும் கேட்டு வந்த ஒரு அம்மாவோடு எனக்குக் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. மகன் உயர்தரம் படிக்கிறான். அவனுக்கு மூக்கு ஒவ்வாமை. விடிய எழும்பினால் தும்மல் நிற்காது, கண் சிவந்து கடிக்கும், இரவு முழுக்க வாயால் மூச்சு, பகலில் வகுப்பில் தூக்கம். டொக்டர் எழுதிய மூக்கு ஸ்பிரே வாங்கிய கையோடு அலுமாரிக்குள் போய்விட்டது.

"அது ஸ்டீராய்டாம் மிஸ், பழகிப்போயிடும் எண்டு மச்சாள் சொன்னவ. வேற இடத்தில ஒரு ஊசி போட்டம், நல்ல சுகம். இப்ப திரும்பத் துவங்கிற்று."

அந்த ஊசி எழுதிய துண்டைக் காட்டச் சொன்னேன். ஊசியில் இருந்தது 40 மில்லிகிராம் ஸ்டீராய்ட்! கிழமைக்கணக்கில் உடம்பில் தங்கி மெல்ல மெல்லக் கரையும் வகை.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வாமை என்றால் என்ன என்று பாடம் நடத்தப் போவதில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்ட் மூக்கு ஸ்பிரேயில் ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம். 12 வயதுக்கு மேல் வழக்கமாக ஒவ்வொரு மூக்குத் துவாரத்துக்கும் இரண்டு அடி, நாளுக்கு ஒரு தடவை. மொத்தம் 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. இரத்தத்துக்குப் போய்ச் சேருவது அதிலும் நூற்றில் ஒன்றுக்குக் குறைவு. அந்த ஊசியோ 40,000 மைக்ரோகிராம், 200 நாள் ஸ்பிரேயின் நிறை. போட்ட இடத்திலிருந்து உடம்பு முழுக்கப் போகும். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு, ஆகவே இது துல்லியமான ஒப்பீடு இல்லை என்று என்னைப் போன்ற மருந்தாளர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது புரிந்தால் போதும். மூக்கு ஒவ்வாமைக்கு இப்படி ஊசி போடுவதை இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் ஏற்பதில்லை. வளரும் பிள்ளைக்கு அறவே வேண்டாம்.

சரி, "பழகிப்போயிடும்" என்ற பயம் முழுப் பொய்யா? இல்லை. பழகிப்போகும் மருந்து ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்டு வாங்கும் அந்தச் சொட்டு மருந்துதான். சைலோமெட்டாசோலின், ஒக்சிமெட்டாசோலின் என்று பெட்டியில் எழுதியிருக்கும். விட்டதும் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். தொடர்ந்து மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போனால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். அடைத்தால் திரும்ப விட வேண்டும், விட்டால் திரும்ப அடைக்கும். மாதக்கணக்காக இதைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துத் திரியும் பெடியன்களை எனக்குத் தெரியும். ஸ்டீராய்ட் ஸ்பிரேயில் இந்தச் சுழி கிடையாது. நிறுத்தினால் பழைய நோய் திரும்பலாம், அவ்வளவே. ஸ்பிரேயால் வரக்கூடியவை மூக்கு வறட்சி, சில நேரம் கொஞ்சம் இரத்தக் கசிவு. வருடக்கணக்கில் பாவிக்கும் பிள்ளையின் உயரத்தை இடைக்கிடை அளந்து பார்ப்பது நல்லது, அதை டொக்டர் பார்த்துக்கொள்வார். ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்ட் இழுக்கிற பிள்ளையென்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"மூணு நாள் அடிச்சன், ஒண்டும் வேலை செய்யல" என்பது அடுத்த முறைப்பாடு. மூன்று நாள் போதாது தம்பி. முழுப் பலன் தெரிய இரண்டு கிழமை வரை பிடிக்கும். தும்மினால் அடிப்பது, தும்மாவிட்டால் விடுவது என்றால் காசுதான் நட்டம். அடிக்கும் விதமும் முக்கியம். அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குள் போய்க் கசக்கும். போத்தலைக் குலுக்கி, தலையைச் சற்று முன்னே குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடதுக்கு வலது கையாலும் அடியுங்கள். முனை நடுச் சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும். நடுச் சுவரில் அடிப்பவர்களுக்குத்தான் அடிக்கடி இரத்தம் கசியும். பிறகு மெல்ல மூச்செடுத்தால் போதும், உறிஞ்சத் தேவையில்லை.

பிரிட்டோனுக்கு வருகிறேன். அதன் வேலை தும்மலை அடக்குவது, கூலி தூக்கம். இங்கிலாந்தில் 15 முதல் 17 வயது மாணவர் 1,834 பேரைப் பார்த்து 2007இல் ஒரு ஆய்வு வெளியானது. அங்கே கோடைப் பரீட்சையும் புல் மகரந்தக் காலமும் ஒன்றாக வரும். பரீட்சை நாளில் மூக்கு ஒவ்வாமையோடு இருந்தவர்கள், மாதிரிப் பரீட்சையில் எடுத்ததைவிட ஒரு படி (கிரேட்) கீழே இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம். தூக்கம் தரும் மருந்தையும் எடுத்தவர்களுக்கு 70 சதவீதம்! ரியூசனுக்கு ரியூசன் ஓடவிட்டு, இரவில் இந்தக் குளிசையைக் கொடுத்து, காலையில் "படிக்கிறானில்லை" என்று பேசாதீர்கள். லொரடடீன், ஃபெக்ஸோஃபெனடீன் போன்ற புதியவை தூக்கத்தை அவ்வளவாகத் தருவதில்லை. செற்றிரிசீன் சிலருக்குக் கொஞ்சம் தரும். ஃபெக்ஸோஃபெனடீனைத் தோடம்பழச் சாற்றோடு விழுங்க வேண்டாம், உடம்பில் சேருவது குறையும், தண்ணீர் போதும். கடுமையான அடைப்புக்குக் குளிசை மட்டும் காணாது, ஸ்பிரே வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அசலஸ்டீன் என்ற ஒவ்வாமை மருந்தும் கலந்த ஸ்பிரே இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள். மொன்டெலுகாஸ்ட் என்ற ஒவ்வாமைக் குளிசையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அதன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. பதின்ம வயதுப் பிள்ளையிடம் அப்படி மாற்றம் கண்டால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள்.

லண்டனில் இருக்கும் சித்தியின் பிள்ளைக்கு வருவது மே, ஜூனில் புல் மகரந்தத்தால். இங்கே மூக்கு வருடம் முழுக்க அடைத்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தலையணையை. இலவம் பஞ்சுத் தலையணையும் பழைய மெத்தையும் கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகளின் சொந்த ஊர். நம் ஊர் ஈரப்பதன் அவற்றுக்குச் சொர்க்கம். உறைகளைக் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை சூட்டுத் தண்ணீரில் தோயுங்கள். வெறுமனே வெயிலில் போட்டால் ஈரம் போகும், உண்ணியின் எச்சம் போகாது. மெத்தை தட்டும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுக்காதீர்கள். தம்பலகாமத்தில் சூடடிக்கும் நாட்களில் வயல் பக்கம் போனால் முகமூடி. நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் அவன் படுக்கும் அறைக்குள் வேண்டாம். நுளம்பு வலை கட்டுங்கள், டெங்குவுக்கும் நல்லது.

தலை முழுகியதால் பீனிசம் வந்தது என்று பெண் பிள்ளைகளைக் கிழமைக்கணக்கில் முழுகவிடாமல் வைத்திருப்பதை இனியாவது நிறுத்துங்கள். முழுகினால் தலையில் ஒட்டிய தூசு போகும்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், ஸ்பிரே அடிக்குமுன் செய்தால் இன்னும் நல்லது. ஆனால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நேராக மூக்குக்குள் போகக் கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. அரிது என்றாலும், வந்தால் உயிர் தப்புவது கடினம்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் அடங்கவில்லையென்றால் ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சை இருக்கிறது. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே சிறுகச் சிறுக ஊசியாகவோ நாக்கின் கீழோ கொடுத்து உடம்பைப் பழக்குவது. 1911இல் லண்டனில் லெனார்ட் நூன் தொடங்கிய வழி. தூசு உண்ணிக்கான நாக்கடிக் குளிசையை 12 முதல் 17 வயதினருக்கும் அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. வழக்கமாக மூன்று வருடம் தொடர வேண்டும். செலவு உண்டு. இங்கிருந்து கொழும்புக்குப் போய் நிபுணரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குத் தொடங்கமாட்டார்கள். தோல் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒவ்வாமைக் குளிசையை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு போங்கள். நிறுத்தாமல் போய்ச் சும்மா திரும்பி வருவது பஸ் காசுக்கு நட்டம்.

இரவில் இருமல், விளையாடினால் நெஞ்சில் விசில் சத்தம் என்றால் ஆஸ்துமாவையும் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கி, காய்ச்சலோடு தலையிடி கடுமையாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, அதே பக்கத்தால் அடிக்கடி இரத்தம் வந்தால், அதுவும் பதின்ம வயது ஆண் பிள்ளை என்றால், அது ஒவ்வாமையாக இராது. அந்த வயதில் மூக்கின் பின்புறம் வரும் இரத்தக்குழாய்க் கட்டி ஒன்று உண்டு. புற்றுநோய் இல்லை, ஆனால் இரத்தம் நிறையப் போகும். அந்தப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து கேட்டு என்னிடம் வராதீர்கள், தரமாட்டேன். நேரே காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.