எக்கோ: இதய எதிரொலி வரைவு

கிளினிக் கொப்பியில் டொக்டர் "எக்கோ" என்று எழுதினால், தோட்டத்தில் அது "நெஞ்சு ஸ்கேன்" ஆகிவிடும். அதில் பிழையில்லை. ஈசிஜி என்று எடுத்துக்கொண்டால்தான் பிழை. ஈசிஜி இதயத்தின் மின்துடிப்பைப் பதியும்; இதயச் சுவரிலுள்ள ஓட்டையைப் படமாகக் காட்டாது. எக்கோ காட்டும்.

முழுப் பெயர் எக்கோகார்டியோகிராபி. கிரேக்கத்தில் ஏகோ எதிரொலி, கார்டியா இதயம், கிராபைன் எழுதுதல். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் பௌதிகவியலாளர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியைக் கொண்டே இதயத்தின் எதிரொலியைப் பதிந்தார்கள்.

தமிழில் "இதய மீயொலி" என்றும் எழுதுவதுண்டு. மீயொலி, கருவி அனுப்பும், காதுக்குக் கேட்காத ஒலி. படமாவதோ திரும்பி வரும் ஒலி. ஆகவே "இதய எதிரொலி வரைவு" பொருத்தம். எதிர்மலையைப் பார்த்துக் கூவி 1 செக்கனில் சத்தம் திரும்பினால், மலை ஏறத்தாழ 170 மீற்றர் தள்ளி நிற்கிறது. கருவியின் கணக்கும் அதுவே. உடலுக்குள் ஒலியின் வேகம் மட்டும் செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர்.

பச்சைக்குழந்தைக்கு 8 முதல் 12 மெகாஹேர்ட்ஸ் புரோப் (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவி). ஜெல் பூசி விலாவுக்குக் கீழே, இதய முனையில், நெஞ்செலும்பின் இடப்பக்கம், கழுத்துக்குழி என நான்கு இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். ஓரிடம் போதாது. முனையிலிருந்து பார்க்கையில் சோணையறைகளுக்கு (மேலறைகளுக்கு) இடையிலான மெல்லிய பிரிசுவர் ஒலிக்கு இணையாகக் கிடப்பதால் எதிரொலி சரியாகத் திரும்பாது. இல்லாத ஓட்டை தெரியும். விலாவுக்குக் கீழிருந்து பார்த்தே உறுதி செய்யவேண்டும். பிள்ளை வீறிட்டு அழுதால் படமும் அளவும் கெடும். பாலூட்டித் தூங்கவைப்பது நல்லது.

இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளரின் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் அல்ல. வழமையாகப் புரோபை நோக்கி வருவது சிவப்பு, விலகுவது நீலம். ஓட்டை வழியே பீறிடும் ஓட்டம் பலநிறமாகச் சிதறும்.

இதயவறைகளுக்கு (கீழறைகளுக்கு) இடையிலான பிரிசுவரில் பெரிய துவாரம் இருந்தாலும் பிறந்த கையோடு டொக்டரின் குழலில் இதய இரைச்சல் கேட்காமல் போகலாம். நுரையீரல் குழாய்களில் அப்போது அமுக்கம் அதிகம். அது இறங்கும் 4–6 வாரங்களில்தான் பால் குடிக்கையில் மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், நிறை ஏறாது. முதல் நாளில் "சத்தமில்லை" என்றதை நம்பி, பிறகு நிறை பார்க்கும் கிளினிக்கைத் தவறவிடுவது ஆபத்து.

"ஓட்டை" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கவும் முடியாது. பலோவின் நாற்கூற்றுக் குறைபாடு என்ற பிறவி இதயக் கோளாறில் துவாரத்தோடு நுரையீரலுக்குப் போகும் பாதையும் ஒடுங்கியிருக்கும். இதயவறைப் பிரிசுவரின் தசைப்பகுதியிலுள்ள 2, 3 மில்லிமீற்றர் துவாரமோ பலருக்குத் தானாக மூடிவிடும். அறிக்கையில் எந்த இடம், எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டறிந்து, அடுத்த எக்கோவுக்கு அந்தத் தாளையும் கொண்டுபோக வேண்டும்.