கோட்டை மானும் மைக்கில வாற "ஸ்ஸ்ஸ்" சத்தமும்

விடிய அஞ்சரைக்கு திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலால உள்ளுக்குப் போய் கோணேசர் கோயில் பக்கம் நடந்தீங்க எண்டா மரத்தடியில புள்ளிமான் நிக்கும், ஆளைக் கண்டு ஓடாது, அது பாட்டுக்கு காஞ்ச இலையை மெண்டுகொண்டு நிக்கும். அந்தச் சத்தத்தைப் பிடிப்பம் எண்டு ஒரு மலிவு ரெக்கோடரும், ரோட்டோரக் கடையில வாங்கின சட்டையில குத்துற மைக் ஒண்டும் கொண்டு போய் இருபது நிமிசம் மூச்சுக் காட்டாம இருந்தன். வீட்ட வந்து ஹெட்போனைப் போட்டா மானும் இல்ல இலையும் இல்ல, சனல் போன டிவி மாதிரி ஸ்ஸ்ஸ் எண்டு ஒரே இரைச்சல். ரெக்கோடர் பழுது எண்டுதான் முதல் நினைச்சன். பழுதில்ல.

அது மைக்குட சொந்தச் சத்தம். இந்தச் சின்ன எலெக்ட்ரெட் மைக்குக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு, அதுக்குப் பின்னால ஒரு தகடு, ரெண்டுக்கும் இடையில நிரந்தரமா மின்னேற்றம் தங்கி நிக்கும். சத்தம் பட்டு சவ்வு ஆடினா வோல்டேஜ் மாறும், அதை உள்ளுக்கே இருக்கிற குட்டி டிரான்சிஸ்டர் ஒண்டு வெளியால தள்ளும். இதில சிக்கல் என்னெண்டா டிரான்சிஸ்டருக்குள்ள எலெக்ட்ரோன்கள் சூட்டில சும்மா இருக்காது, சவ்வில காத்துட மூலக்கூறுகளும் வந்து முட்டிக்கொண்டே இருக்கும், அதால உலகமே அமைதியா இருந்தாலும் மைக்கில இருந்து ஒரு சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கும்.

எவ்வளவு வரும் எண்டு பாக்கிறதுக்கு ஒரு லேசான கணக்கு இருக்கு. மைக் பெட்டியிலயோ டேட்டாஷீட்டிலயோ எஸ்என்ஆர் (சிக்னல் இரைச்சலை விட எத்தனை டெசிபெல் கூட எண்டது) எண்டு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அதை அளக்கேக்க வைக்கிற சத்தம் 94 டெசிபெல், அதால அந்த நம்பரை 94ல இருந்து கழிச்சா சொந்த இரைச்சல் எத்தனை டெசிபெல் எண்டு வரும். மலிவு கப்சூல் (மைக்குட தலைப்பகுதி) கனக்க 62 பக்கம், அப்ப 32 டெசிபெல். பிரைமோ கம்பனிட இஎம்272 கப்சூலுக்கு 80, அப்ப 14தான். விடியப்புறம் அமைதியான இடத்தில சுத்துச் சத்தமே 25 டெசிபெல் அளவுதான் எண்டு வைங்க, 32 டெசிபெல் இரைச்சல் போடுற மைக்கால அதைக் கேக்கவே ஏலாது, கல்யாண வீட்டில பக்கத்தில ஆக்கள் கத்திக் கதைக்கேக்க மூலையில குசுகுசுக்கிறவர கேக்கப் போன மாதிரி.

மற்றது ரெக்கோடருக்குள்ள மைக் சிக்னலைப் பெருசாக்கிற பிரீஆம்ப், அதுக்கும் ஒரு இரைச்சல் இருக்கு. மைக் பலமான சிக்னல் குடுத்தா பிரீஆம்ப் கஷ்டப்படத் தேவையில்ல. மேடையில பாடுறவங்க பிடிக்கிற ஷூர் எஸ்எம்58, ஒரு பாஸ்கல் (அதுதான் மேல சொன்ன 94 டெசிபெல்) சத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட்தான் குடுக்கும், இஎம்272 அதே சத்தத்துக்கு கிட்டத்தட்ட 40 குடுக்கும். அதாலதான் பேர் போன மேடை மைக்கை மலிவு ரெக்கோடர்ல குத்திக் குருவிச் சத்தம் எடுக்கப் போனா கெயினை (பெருசாக்கிற அளவை) கூட்டிக் கூட்டி கடைசில இரைச்சல்தான் மிஞ்சும், மைக் நல்லதுதான் ஆனா இந்த வேலைக்கு இல்ல.

அதால என்ட எண்ணம் என்னெண்டா ரெக்கோடருக்குக் காசைக் கொட்டாதீங்க. டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், ஜூம் எச்1என் மாதிரி ஒண்டு காணும். ரெண்டிலயும் 3.5 மில்லிமீற்றர் மைக் ஓட்டையால ரெண்டு மூண்டு வோல்ட் வரும், அது இஎம்272க்குப் போதும், 48 வோல்ட் கேக்கிற பெரிய மைக் பக்கம் போகவே தேவையில்ல. சோல்டர் பிடிக்கத் தெரிஞ்சா கப்சூல் ரெண்டு, வயர், ரெக்கோடர்ல குத்துற ஜக் வாங்கி நீங்களே ஸ்டீரியோ மைக் செய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் தரத்தில ஸ்டீரியோவா எடுத்தா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவு போகும், மெமரி காட் அதுக்கேத்த மாதிரி. இப்ப 32 பிட் ஃப்ளோட் எண்டு ஒரு பதிவு முறையைக் கொண்டாடுறாங்க, தவில் அடிக்கேக்க லெவல் பிழைச்சாலும் பிறகு திருத்தலாம், அது உண்மைதான், ஆனா மைக்குட இரைச்சலை அது ஒரு துளியும் குறைக்காது. சத்தம் கூடி மைக்கே தாங்காம நெரிஞ்சு கரகரத்தாலும் காப்பாத்தாது.

அடுத்தது காத்து. கச்சான் அடிக்கிற மாசத்தில உப்புவெளிக் கரையில மைக்கை நீட்டினா அலை கேக்காது, படபட எண்டு சீலை கிழியிற சத்தம்தான். உண்மையில அது சத்தமே இல்ல, காத்து மைக்கில மோதிச் சுழிக்கேக்க அந்தச் சுழி சவ்வை அமத்தி விடுறது, அதை மைக் பெரிய அடிச்சத்தம் எண்டு நினைச்சு எழுதும். ரெக்கோடர்ல லோ கட் (அடிச்சத்தத்தை வெட்டுற சுவிட்ச்) போட்டாத் தப்பலாம் எண்டு நினைப்பாங்க, ஆனா அதுக்கு முதலே மைக்கும் பிரீஆம்பும் நெரிஞ்சுபோனா பிறகு எதை வெட்டினாலும் வேலையில்ல. மைக்கைச் சுத்தி அசையாத காத்து கொஞ்சம் இருக்கோணும், ஸ்பொஞ் செய்யிறது அதைத்தான், ஸ்பொஞ்சுக்கு மேல சடை மயிர் போத்தினா சுழி அந்த மயிரிலயே உடைஞ்சு போகும். நான் என்ட மருமகள்ட பழைய கரடிப் பொம்மையை (கேட்டுத்தான்!) வெட்டி உறை தைச்சன். ஒரு விசயம் பாக்கோணும், துணியை வாயில வைச்சு ஊதுங்க, மூச்சு லேசா அங்கால போனா சரி, பின்பக்கம் பசை பூசின துணியெண்டா காத்தோட சேத்துக் குருவியையும் நிப்பாட்டிரும்.

மயிர் உறையும் புது மைக்கும் போட்டுக்கொண்டு திரும்பக் கோட்டைக்குப் போனன், இந்தமுறை இலை நொறுங்கிறதும், இடைக்கிட மான் மூக்கால காத்து விடுறதும் கூட வந்துது.

பிறகு ஆசை தண்ணிக்குள்ள போச்சு. பீசோ எண்டு சொல்லுற, அமத்தினா மின்சாரம் குடுக்கிற பித்தளை வட்டம், பீப் அடிக்கிற சாமான்களுக்குள்ள இருக்கும், நூறு இருநூறு ரூவாய்ச் சாமான், அதில வயரை ஒட்டி எபொக்சி பூசி நல்லாக் காய விட்டு இறங்குதுறையில இருந்து கடலுக்குள்ள இறக்கினன். இதிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. பீசோ கிட்டத்தட்ட 20 நனோஃபாரட் கப்பாசிட்டர் மாதிரி, மைக் ஓட்டையில ரெசிஸ்டன்ஸ் ரெண்டு கிலோஓம் அளவுதான் எண்டா ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் தேய்ஞ்சு போகும், இடையில ஒரு மெகாஓம் ரெசிஸ்டன்ஸ் காட்டுற சின்ன பஃபர் சேர்க்கிட் (சிக்னலைத் தேய விடாம வாங்கி ரெக்கோடருக்குக் குடுக்கிறது) போட்டா 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். 1984ல இந்தத் திருகோணமலைக் கடல்லதான் ஆராய்ச்சியாளர்கள் நீலத்திமிங்கிலத்துட பாட்டைப் பதிவு செய்தவங்க, அது 100 ஹெர்ட்ஸ் பக்கமும் அதுக்குக் கீழயும் வாற சத்தம், பஃபர் இல்லாத என்ட பீசோவுக்கு அது பக்கத்தில வந்து பாடினாலும் விளங்காது.

ஆனா எண்ணெய்ச் சட்டியில கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் இடைவெளியே இல்லாம வந்துது. கூடவந்த கூட்டாளி ஹெட்போனை வாங்கிக் கேட்டுட்டு, "மச்சான் வயர் லூஸ், ஆட்டிப் பாரு" எண்டான். வயர் இல்ல, சொடக்கு இறால், ஒரு கொடுக்கை அவ்வளவு கெதியாப் பூட்டும், தண்ணிக்குள்ள ஒரு குமிழி உண்டாகி உடைஞ்சு போகும், அந்தக் குமிழி உடையிற சத்தம்தான் அது. அவன் நம்பல்ல, வயரைப் பிடிச்சு ரெண்டு தரம் ஆட்டிப் பாத்தான், கடுகு நிக்கல்ல.